1000 யார்டுக்கு ஸ்கோப் தேடியது: ரெட்டிகிள் முதலில், உருப்பெருக்கம் கடைசியில்

இங்கிலாந்தில் பிஸ்லியில் இருக்கும் ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 1000 யார்டு எஃப்-டிஆர் போட்டிகளில் சுடுவதற்காக ஒரு .308 வின்செஸ்டர் ரைஃபிளைத் தயார் செய்து வந்தேன். பேரல், ஸ்டாக் (தோளில் அணைக்கும் கட்டை), பைபாட் (இரண்டு கால் தாங்கி) எல்லாம் முடிந்து கடைசியாக நின்றது ஸ்கோப், அதாவது இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், எப்படிப் பொருத்தினேன், நம்பிச் சுடுவதற்கு முன் எதையெல்லாம் சோதித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

நம் ஊரில் ரைஃபிள் சுடுதல் என்றால் 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் நினைவுக்கு வருவார்கள். அவர்களின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. சிறு துளை வழியாகப் பார்த்து, முன்னால் இருக்கும் வளையத்துக்குள் இலக்கை நிறுத்துவார்கள். எஃப் கிளாஸ் வேறு மரபு. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குஹார்சன் தொடங்கி வைத்தது; 'எஃப்' அவர் பெயரிலிருந்து வந்தது. கண் மங்கியவர்களும் தோள் தளர்ந்தவர்களும் ஸ்கோப் வைத்து, துப்பாக்கியைத் தாங்கியில் நிறுத்தித் தொடர்ந்து சுட வேண்டும் என்பது அதன் எண்ணம். அதில் ஒரு கிளை எஃப்-டிஆர். .223 ரெமிங்டன் அல்லது .308 வின்செஸ்டர் தோட்டா மட்டும்தான். முன்னால் பைபாட், பின்னால் மணல் பை. பைபாட், ஸ்கோப், அதைப் பிடித்து நிறுத்தும் ரிங் எல்லாம் சேர்த்து எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. இந்த எடை விதி பின்னால் பெரிய வேலை செய்யப் போகிறது.

ஸ்கோப் வாங்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி "எத்தனை மடங்கு?" என்பதுதான். எனக்கு அது கடைசிக் கேள்வி. முதலில் இலக்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்ஓஏ. 100 யார்டில் அது 1.047 அங்குலம், 1000 யார்டில் ஏறத்தாழ பத்தரை அங்குலம். எஃப் கிளாஸ் இலக்கில் நடுவில் இருக்கும் வி வளையத்தின் விட்டம் அரை எம்ஓஏ, அதாவது 1000 யார்டில் 5 அங்குலம். அதைச் சுற்றியுள்ள, 5 மதிப்பெண் தரும் '5 வளையம்' ஒரு எம்ஓஏ. கறுப்பு வட்டம் முழுவதும் சேர்த்து நான்கு எம்ஓஏவுக்குக் கொஞ்சம் கூடுதல். அரை மைலுக்குச் சற்றுக் கூடிய தூரத்தில், கை விரித்தால் ஒரு சாண் கூட வராத வட்டம்தான் குறி. ஸ்கோப்பில் இருக்கும் கோடும் கிளிக்கும் அந்த 5 அங்குலத்துக்கு ஏற்ற நுணுக்கத்தில் இருக்க வேண்டும்.

கிளிக் கணக்கை முதலில் போட்டேன். டரட்டை, அதாவது குறியை நகர்த்தும் குமிழை, திருப்பும்போது ஒவ்வொரு கிளிக்குக்கும் குறி எவ்வளவு நகர்கிறது? மில் (ஒரு ரேடியனின் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் வரும் ஸ்கோப்புகளில் பெரும்பாலும் 0.1 மில். 1000 யார்டில் அது 3.6 அங்குலம். வி வளையமே 5 அங்குலம்தான். ஒரு கிளிக் போதவில்லை, இரண்டு கிளிக் அதிகம் என்ற நிலை அடிக்கடி வரும். கால் எம்ஓஏ கிளிக் 2.6 அங்குலம், சமாளிக்கலாம். எட்டில் ஒரு எம்ஓஏ கிளிக் 1.3 அங்குலம். பல தூரங்களில் மாறி மாறிச் சுடுபவர்களுக்கு இத்தனை நுண்ணிய கிளிக் தொல்லைதான், எண்ணி மாளாது. ஆனால் தூரம் முன்கூட்டியே தெரிந்த, ஒரே இடத்தில் படுத்துச் சுடும் போட்டிக்கு இதுதான் சரி. எட்டில் ஒன்று என்று முடிவு செய்ததும் பட்டியலில் இருந்த பாதி ஸ்கோப்புகள் கழிந்துவிட்டன.

அப்புறம் ரெட்டிகிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள். நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். மற்றவர்களும் இதில்தான் செலவழிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது கடைகளில் அதிகம் விற்பது 'கிறிஸ்துமஸ் மரம்' வகை. நடுவில் குறுக்குக்கோடு, அதற்குக் கீழே படிப்படியாக அகன்று செல்லும் புள்ளிகளும் எண்களும். பிஆர்எஸ் (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) மாதிரியான போட்டிகளுக்கு அது அருமையான கருவி. அங்கே ஒரே சுற்றில் நாலைந்து தூரங்களில் இரும்புத் தகடுகள் இருக்கும், இடம் மாறி மாறிச் சுட வேண்டும், நேரமும் கைக்குள் அடங்காது. டரட்டைத் தொட அவகாசமில்லாமல் மரத்தின் கிளை ஒன்றில் தகட்டை நிறுத்திச் சுடுவார்கள். அந்த ரெட்டிகிளை எடுத்து எஃப் கிளாஸ் இலக்கின் மேல் வைத்தால், கீழ்ப்பாதி முழுவதும் எனக்குத் தேவையே இல்லாத புள்ளிகள். தூரம் 1000 யார்டு என்று போட்டி அட்டவணையிலேயே இருக்கிறது. உயரத்தை டரட்டில் ஒருமுறை வைத்துவிட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு மாறிக்கொண்டே இருப்பது காற்று மட்டும்தான்.

எனவே எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: மெல்லிய குறுக்குக்கோடு, நடுவில் மிகச் சிறிய புள்ளி, கிடைக்கோட்டில் இரு பக்கமும் ஒவ்வொரு எம்ஓஏவுக்கும் ஒரு சிறு கோடு. நடுப்புள்ளியின் அகலம் எட்டில் ஒரு எம்ஓஏ என்றால் 1000 யார்டில் அது 1.3 அங்குலத்தை மறைக்கும். சுற்றிலும் வி வளையத்துக்கு இடம் மிச்சம் இருக்கும். பழைய மில்-டாட் ரெட்டிகிளின் புள்ளிகள் பொதுவாக 0.2 மில் அகலம். காற்றுக்காகத் தள்ளிப் பிடிக்கும்போது அந்தப் புள்ளி 7 அங்குலத்துக்கு மேல் மறைத்துவிடும், வி வளையம் முழுசாக அதற்குள் அடங்கிப்போகும். தூரத்தைக் கணிக்கும் வேலைக்கு உருவான ரெட்டிகிளை இந்த வேலைக்குக் கொண்டு வருவதில் பொருளில்லை.

புள்ளியே இல்லாத வெறும் குறுக்குக்கோடும் சிலருக்குப் பிடிக்கும். அது இன்னும் சுத்தமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் பிஸ்லியில் ஒரே இலக்கில் இரண்டு பேர் மாறி மாறிச் சுடும் முறை இருக்கிறது. நான் ஒன்று சுட்டதும் இலக்கைக் கீழே இறக்கி, துளையில் வெள்ளை வட்டு செருகி, மதிப்பெண் காட்டி மேலே ஏற்றுவார்கள். பக்கத்தில் இருப்பவர் சுடுவார். மறுபடி என் முறை வரும்போது 45 நொடிக்குள் சுட வேண்டும். அதற்குள் காற்று மாறியிருக்கும். கொடியைப் பார்த்து, கானலைப் பார்த்து, கணக்கிட்டு, டரட்டையும் திருப்பிச் சுடுவதை விட, கிடைக்கோட்டில் முக்கால் எம்ஓஏ தள்ளிப் பிடித்துச் சுடுவது எனக்கு வேகமும் நிம்மதியும் தருகிறது. அளவுக்கோடு இல்லாத ரெட்டிகிளில் இதைச் செய்ய இலக்கின் வளையங்களையே அளவாகக் கொள்ள வேண்டும். கறுப்பு வட்டத்துக்கு வெளியே போக நேரும்போது அது ஊகமாகிவிடும்.

அடுத்து ஃபோகல் ப்ளேன், அதாவது ஸ்கோப்புக்குள் ரெட்டிகிள் எந்தத் தளத்தில் அமைந்திருக்கிறது என்பது. முதல் தளத்தில் ரெட்டிகிள் இருந்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட இலக்கோடு சேர்ந்து கோடுகளும் பெரிதாகும். எந்த மடங்கிலும் அளவு சரியாக இருக்கும். இரண்டாம் தளத்தில் இருந்தால் கோடுகளின் தடிமன் கண்ணுக்கு மாறாது. இலக்கு மட்டும் பெரிதாகும். அதனால் உச்ச மடங்கில் கோடு இலக்கின் மேல் மிக மெல்லியதாக விழும். எஃப் கிளாஸுக்கு அந்த மெல்லிய கோடுதான் வேண்டும், நான் இரண்டாம் தளத்தையே எடுத்தேன். அதற்கு ஒரு விலை உண்டு. அளவுக்கோடுகள் ஏதோ ஒரு மடங்கில் மட்டும்தான் சரி. என் ஸ்கோப்பில் அது 40. அங்கே ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு 1 எம்ஓஏ. 20 மடங்குக்கு இறக்கினால் அதே இடைவெளி 2 எம்ஓஏ. 25இல் வைத்தால் 1.6, அந்தக் கணக்கை 45 நொடிக்குள் மனதில் போட எனக்கு விருப்பமில்லை. அதனால் உருப்பெருக்க வளையத்தில் 40க்கும் 20க்கும் நேராக வெள்ளை பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்தேன். வெயில் இல்லாத நாளில் 40, கானல் கொதிக்கும் நாளில் 20. இடையில் எங்கும் நிறுத்துவதில்லை.

இப்போது எடை. ஸ்கோப் இல்லாமல் என் ரைஃபிளும் பைபாடும் சேர்ந்து தராசில் 7.15 கிலோ. மிச்சம் 1.1 கிலோ. அதில் ரெயில், ரிங், நீர்மட்டம் ஆகியவற்றுக்கு 220 கிராம் போனால் ஸ்கோப்புக்கு 880 கிராம்தான். இந்த ஒரு எண்ணே பெரிய பெயர்கள் பலவற்றை வெளியேற்றிவிட்டது. நைட்ஃபோர்ஸ் ஏடிஏசிஆர் 7-35x56, ஷ்மிட் அண்ட் பெண்டர் பிஎம்-2 5-25x56 இரண்டும் ஒரு கிலோவைத் தாண்டியவை. உறுதியிலும் கண்ணாடித் தரத்திலும் குறை சொல்ல முடியாத ஸ்கோப்புகள், ஆனால் என் துப்பாக்கியில் ஏற்றினால் எடைச் சோதனையிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். இலக்குப் போட்டிக்கென்றே செய்த நைட்ஃபோர்ஸ் காம்படிஷன் 15-55x52 ஏறத்தாழ 790 கிராம். வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15-60x52 ஏறத்தாழ 825 கிராம். இரண்டுமே இரண்டாம் தளம், எட்டில் ஒரு எம்ஓஏ கிளிக். இந்த வர்க்கத்தில் ஒருவர் கை மாறிய ஸ்கோப் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது, வாங்கிவிட்டேன். புதிதாக வாங்குவதை விடக் கணிசமாக மிச்சம். மிச்சமான காசு தோட்டாவுக்குப் போனது.

உருப்பெருக்கத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் கானல் இலக்கை அலை அலையாக ஆட்டும். 50 மடங்கில் பார்த்தால் அந்த ஆட்டமும் 50 மடங்குதான். வளையங்கள் கரைந்து கறுப்பு ஒரு குழம்பாகத் தெரியும். 20, 25க்கு இறக்கியதும் விளிம்பு மறுபடி கூடிவரும். இன்னொன்று வெளிச்சம். முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 52 மில்லிமீட்டரை 55ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தலை இம்மி அசைந்தாலும் படம் இருண்டுவிடும். 25இல் அது 2 மில்லிமீட்டருக்கு மேல், கண் சுலபமாக உட்காரும். 60, 80 மடங்கு என்று விளம்பரம் செய்யும் எண்கள் மேகமூட்டமான காலையில் உதவும், அவ்வளவே.

பொருத்தும் வேலைக்கு வருகிறேன். 155 கிரெயின் குண்டு, நொடிக்கு 2950 அடி வேகம், 100 யார்டில் குறியும் குண்டும் ஒன்றுசேரும்படி நேர் வைத்தால் 1000 யார்டுக்கு ஏறத்தாழ 31 எம்ஓஏ உயர்த்த வேண்டும். ஸ்கோப்பின் மொத்த உயர வீச்சு 50 எம்ஓஏவுக்குக் கொஞ்சம் மேல். நடுவில் வைத்துத் தொடங்கினால் மேலே செல்ல 26 அளவில்தான் மிஞ்சும், போதாது. 20 எம்ஓஏ சரிவுள்ள ரெயில் போட்டால் மேல்நோக்கிய வீச்சு 46 ஆகும். 100 யார்டில் நேர் வைக்கக் கீழேயும் சில எம்ஓஏ இடம் இருக்கும். நீண்ட தூரத்துக்குத் துப்பாக்கி தயார் செய்பவர்கள் ஸ்கோப் வாங்கும் அன்றைக்கே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

ரிங் திருகுகளை 2 நியூட்டன் மீட்டருக்கு உட்பட்டே முறுக்கினேன், முறுக்களவு காட்டும் ஸ்பேனரால். கைப்போக்கில் முறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே இருக்கும் பாகங்கள் இறுகிவிடும், பாரலாக்ஸ் குமிழே கடினமாகத் திரும்பும். முறுக்குவதற்கு முன் ரெட்டிகிளை நேராக்க வேண்டும். ரைஃபிளை மேசையில் நிறுத்தி, ரெயிலின் மேல் நீர்மட்டம் வைத்துச் சமன் செய்தேன். தோட்டத்தின் மறுகோடியில் மீன்பிடி நூலில் ஒரு தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். குண்டு காற்றில் ஆடாமல் இருக்க அதை ஒரு வாளித் தண்ணீரில் முங்க வைத்தேன். ரெட்டிகிளின் நெடுங்கோடு நூலோடு ஒட்டும் வரை குழாயைத் திருப்பி, திருகுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பிறகு குழாயின் மேல் சிறிய நீர்மட்டத்தையும் அதே நூலைப் பார்த்தே பூட்டினேன்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு? 31 எம்ஓஏ உயர்த்தி வைத்திருக்கும்போது துப்பாக்கி ஒரே ஒரு பாகை சாய்ந்தால் குண்டு பக்கவாட்டில் அரை எம்ஓஏவுக்குச் சற்று மேல் விலகும். 1000 யார்டில் அது ஐந்தரை அங்குலத்துக்கு மேல். நடுவைப் பிடித்துச் சுட்ட குண்டு 5 வளையத்துக்கு வெளியே போய்விடும், சுட்டவர் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு பாகைச் சாய்வு வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சின்ன நீர்மட்டக் குமிழி இல்லாமல் நீண்ட தூரம் சுடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது உயரப் பலகைச் சோதனை. டரட்டில் 30 எம்ஓஏ என்று எழுதியிருந்தால் அது உண்மையில் 30தானா? அளவு நாடாவால் 100 யார்டு அளந்தேன். பெயர்ப் பலகையில் 100 என்று போட்டிருக்கும் இடம் மீட்டரா யார்டா என்பதிலேயே ஒன்பது சதவீத வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. நான்கடி உயர அட்டையில் தூக்குநூல் பார்த்து ஒரு நெடுங்கோடு வரைந்து, கீழே ஒரு குறிப்புள்ளி. முதலில் அதைப் பிடித்து ஒரு குழு சுட்டேன். டரட்டை 30 எம்ஓஏ ஏற்றி, அதே கீழ்ப்புள்ளியைப் பிடித்து இன்னொரு குழு. இரண்டு குழுக்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 31.4 அங்குலம் வர வேண்டும். என்னுடையதில் அளவு நாடாவால் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு அதே எண் வந்தது. மேல் குழு கோட்டை விட்டு விலகவும் இல்லை. அதாவது ரெட்டிகிள் நிமிர்ந்து நிற்கிறது. திரும்ப 30 இறக்கிச் சுட்டபோது முதல் குழுவின் மேலேயே விழுந்தது.

அதே நாளில் கிளப் நண்பர் ஒருவரின் பழைய ஸ்கோப்பையும் இதே அட்டையில் சோதித்தோம். 31.4க்குப் பதிலாக 30.9 அங்குலம். ஒன்றரை சதவீதம் குறைவு. கேட்க அற்பமாக இருக்கும். 1000 யார்டுக்கு 31 எம்ஓஏ வைக்கும்போது அது அரை எம்ஓஏவை நெருங்கும், குண்டு ஏறத்தாழ ஐந்து அங்குலம் தாழ்ந்து விழும். அவர் ஸ்கோப்பை மாற்றவில்லை, மாற்ற வேண்டியதும் இல்லை. அந்தத் திருத்தத்தைத் தன் கணக்குச் செயலியில் போட்டுவிட்டார். பிழை எப்போதும் ஒரே அளவில் இருந்தால் அதோடு வாழலாம். ஏற்றி இறக்கியதும் வேறு இடத்தில் வந்து நிற்கும் ஸ்கோப்தான் ஆபத்து.

பாரலாக்ஸைப் பலர் படத்தைத் தெளிவாக்கும் குமிழ் என்றே நினைக்கிறார்கள். இலக்கின் பிம்பம் ரெட்டிகிள் இருக்கும் தளத்திலேயே விழுகிறதா என்பதுதான் அதன் வேலை. விழாவிட்டால் தலை நகரும்போது குறியும் நகரும். 52 மில்லிமீட்டர் முன்கண்ணாடியில், குமிழை 100 யார்டில் விட்டுவிட்டு 1000 யார்டில் சுட்டால், கண் ஓரத்துக்குப் போகும் மோசமான நிலையில் பிழை 23 சென்டிமீட்டரைத் தொடும். 500இல் விட்டிருந்தால் அதே நிலையில் இரண்டரை சென்டிமீட்டர்தான். தொலைவு கூடும்போது பிழை மன்னிக்கத்தக்கதாகிறது, ஆனாலும் குமிழில் அச்சிட்ட எண்ணை நான் நம்புவதில்லை. முதலில் வெளிறிய வானத்தைப் பார்த்துக் கண் பக்கத்து ஃபோகஸைத் திருப்பி ரெட்டிகிள் கூர்மையாகத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். உற்றுப் பார்க்கக் கூடாது, கண் தானே சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும். சட்டென்று பார்த்து விலக வேண்டும். அதன் பிறகு இலக்கைப் பார்த்து, துப்பாக்கியைத் தொடாமல் தலையை மேலும் கீழும் ஆட்டி, புள்ளி இலக்கின் மேல் நகராமல் நிற்கும் இடத்தில் பாரலாக்ஸ் குமிழை நிறுத்த வேண்டும். கானல் உள்ள நாளில் இதற்குப் பொறுமை வேண்டும்.

சூடான பேரலிலிருந்து எழும் கானல் தனிக்கதை. இலக்குக்கும் எனக்கும் நடுவில் இல்லை, ஸ்கோப்பின் மூக்குக்குக் கீழேயே அது எழுகிறது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பருத்தி நாடாவை வெட்டி, இரு முனையிலும் வெல்க்ரோ தைத்து, பேரலின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டினேன். வெப்பம் பக்கவாட்டில் போய்விடுகிறது. செலவு சில பென்ஸ்தான், பலன் முதல் போட்டியிலேயே தெரிந்தது.

ஸ்டிக்கிள்டவுனில் 1000 யார்டில் படுத்த அன்று 31 எம்ஓஏ ஏற்றி வைத்தேன், சைட்டிங் ஷாட் (முதலில் சுட்டுப் பார்க்கும் சோதனைக் குண்டு) கால் எம்ஓஏ தாழ்ந்து விழுந்தது. இரண்டு கிளிக் ஏற்றினேன். அன்று முழுதும் உயரத்தை மறுபடி தொடவில்லை. இடமிருந்து காற்று. இந்தக் குண்டுக்கு மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 1000 யார்டில் ஏறத்தாழ 8 எம்ஓஏ தள்ளும், அதாவது ஒரு மைல் மாறினால் முக்கால் எம்ஓஏவுக்கு மேல். சராசரிக் காற்றுக்கு 4 எம்ஓஏ டரட்டில் வைத்துவிட்டு, ஏற்ற இறக்கத்தை ரெட்டிகிளில் பிடித்தேன். கொடி நீண்டு விறைத்தால் ஒரு கோட்டுக்குச் சற்றுக் குறைவாக இடப்பக்கம், துவண்டால் அரைக் கோடு வலப்பக்கம். குண்டுகளின் உயரம் பெரும்பாலும் 5 வளையத்தின் உயரத்துக்குள் நின்றது. அகலம்தான் பரந்திருந்தது, 4க்கும் சில 3க்கும் போயின. உயரம் கட்டுக்குள் இருந்து அகலம் சிதறினால் ஸ்கோப் தன் வேலையைச் செய்கிறது, காற்றைப் படிப்பதில்தான் என் வேலை பாக்கி என்று பொருள்.

ஸ்டாக்கின் இடப்பக்கத்தில் இப்போது ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, எத்தனை யார்டுக்கு எத்தனை எம்ஓஏ என்று: 300க்கு 4, 600க்கு 13¼, 900க்கு 26, 1000க்கு 31¼. குளிர்காலத்தில் காற்று அடர்ந்திருக்கும்போது கடைசி இரண்டு எண்களும் ஏறும். ஜனவரியில் சுட்டுப் பார்த்து இன்னொரு ஸ்டிக்கர் எழுத வேண்டும்.